டேலியா விதைகள்: தாயைப் போல ஏன் பூப்பதில்லை?

கேள்வி: சென்ற ஆண்டு பூத்த அடர்சிவப்பு அடுக்கு டேலியாவிலிருந்து விதை எடுத்து வளர்த்தேன். எட்டுச் செடிகளில் ஒன்றுகூடச் சிவப்பில்லை. பாதிக்கு மேல் ஒற்றை அடுக்கு. விதைத்த முறையில் பிழையா?

பதில்: பிழை எதுவும் இல்லை. தோட்ட டேலியாவின் உயிரணுவில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதிகளாக, மொத்தம் 64 இருப்பதாலும், தேனீக்கள் அயல் செடிகளின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதாலும், ஒவ்வொரு விதையும் புதியதொரு கலப்பாகவே முளைக்கிறது. அதே சிவப்புதான் வேண்டுமென்றால், பழைய தண்டின் அடிக்கழுத்தும் முளை கிளம்பும் ஒரு கண்ணும் ஒட்டியிருக்கும்படி கிழங்கைப் பிரித்து நடுவதே வழி.

ஆனாலும் விதைப்பதை விட்டுவிடாதீர்கள். வேறெவரிடமும் இல்லாத ஒரு பூ உங்கள் தோட்டத்தில் மலர்வது பெரும்பேறு. குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, 20 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் ஈரம் காத்தால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். மூன்று நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள்.

விதைக்கு விடும் பூவைத் தவிர மற்ற வாடிய பூக்களை வெட்டிவிட வேண்டும். இதில் பலர் மொட்டையே வெட்டிவிடுகிறார்கள்: புது மொட்டு பொத்தானைப் போல உருண்டு தட்டையாக இருக்கும், இதழ் உதிர்ந்த தலையோ கூம்பிக் கூர்மையாக நிற்கும்.

ஒற்றை அடுக்குச் செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டாம். தேனீக்கள் விரும்பி வருபவை அவையே. முதல் ஆண்டிலேயே அவற்றின் அடியிலும் கிழங்கு திரண்டிருக்கும்.