மரங்கள் முடிந்த இடத்துக்கு மேலே

அன்புள்ள ஐயா,

நான் டென்வரில் வசிக்கிறேன். ஜூலையில் மனைவியோடும் பத்து வயது மகளோடும் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அங்குள்ள பேர் (Bear) ஏரிப் பக்கம் ஏற்கெனவே போயிருக்கிறோம், கூட்டம் தாங்கவில்லை. இம்முறை ஆள் குறைவான யூட் பாதையில் நடக்கலாம் என்று நினைக்கிறேன். “அங்கே ஏரியும் இல்லை, அருவியும் இல்லை. வெறும் புல்லும் கல்லும்தான்” என்கிறார் நண்பர். அது போகத் தகுந்த இடம்தானா? காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் சரியாக இருக்குமா?

க.

அன்புள்ள க.,

கட்டாயம் போங்கள். ஆனால் பத்து மணிக்கு வேண்டவே வேண்டாம்.

கோடையில் அந்த மலைகளில் காலை தெளிவாக இருக்கும். நண்பகல் தாண்டினால் இடிமேகம் திரள்வது ஏறக்குறைய அன்றாட வழக்கம். யூட் பாதை, பூங்காவின் குறுக்கே போகும் டிரெயில் ரிட்ஜ் சாலையிலிருந்து பிரியும் இடத்திலேயே மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருக்கிறது. உயரம் சுமார் 11,400 அடி. ஒதுங்க இடம் கிடையாது. அந்த வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்பவர்கள் நீங்கள் மூவர் மட்டும்தான். 2014 ஜூலையில் இதே பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் மின்னல் தாக்கி இறந்தார். மறுநாளே அந்தச் சாலையோரத்தில் இன்னொருவர் இறந்தார். ஆகவே விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடுங்கள், பதினொரு மணிக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள். வழியில் மேகம் கறுத்தால், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று எண்ணாதீர்கள்.

இனி, அந்தப் புல்லும் கல்லும்.

உங்கள் நண்பர் நின்றபடியே பார்த்திருப்பார். அங்கே முழங்காலிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாதையோரத்தில் உள்ளங்கை அகலத்தில் பச்சை மெத்தை ஒன்று தரையோடு ஒட்டிக் கிடக்கும். மேலே இளஞ்சிவப்பில் பொடிப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ்கள். மாஸ் கேம்பியன் என்பது அதன் பெயர். இலைகள் இடைவெளியில்லாமல் நெருங்கியிருப்பதால் காற்று உள்ளே புகாது. மெத்தைக்குள் வெளியைவிட வெதுவெதுப்பாக இருக்கும். தண்டை உயர்த்தாமல் முதலில் ஆணிவேரை ஆழமாக இறக்கிக்கொள்கிறது. முதல் பூ பூக்கவே பத்தாண்டுகள் வரை ஆகக்கூடும். உங்கள் மகள் குனிந்து பார்க்கும் அந்தச் செடி அவளைவிட மூத்ததாக இருக்கலாம், சொல்லுங்கள் அவளிடம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். 1959இல் பியாட்ரிஸ் வில்லர்ட் என்ற தாவரவியலாளர் அந்தச் சாலையோரத்தில் சிறு நிலத்துண்டுகளை வேலியிட்டு, மிதிபட்ட நிலம் எப்படி மீள்கிறது என்று பல பத்தாண்டுகள் கவனித்தார். மோசமாகச் சிதைந்த இடம் பழையபடி ஆக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்பது அவர் கண்டது. சேற்றைத் தவிர்க்கவோ படம் எடுக்கவோ ஓரமாக வைக்கும் காலடிகள்தான் பாதையை அகலமாக்குகின்றன. மூவரும் ஒருவர் பின் ஒருவராகவே நடங்கள். உட்கார வேண்டுமென்றால் பாறைமேல் உட்காருங்கள்.

பாறைக் குவியல் எதிர்ப்பட்டால் அங்கே சற்று நேரம் அசையாமல் இருந்து பாருங்கள். கீச்சென்று ஒரு குரல் கேட்கும். அது பைக்கா, முயலுக்கு உறவு, கைப்பிடிக்குள் அடங்கும் உருவம். குளிர்காலம் முழுவதும் உறங்கும் பழக்கம் அதற்கு இல்லை. எனவே கோடையில் புல்லையும் பூவையும் வாய் நிறையக் கவ்வி வந்து பாறை இடுக்கில் வைக்கோல்போர் சேர்க்கும். ஒரு முறை ஓடி மறைந்தாலும் அதே வழியில் மீண்டும் வரும். குழந்தைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அமெரிக்கப் பழங்குடிகளான யூட், அரப்பஹோ மக்கள் மலையைக் கடந்துபோன வழி இது. 1915இல் பூங்கா உருவாவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே, பழங்கால மக்கள் இந்த உயரங்களில் தாழ்வான கற்சுவர்கள் எழுப்பி, விலங்குகளை அவற்றின் ஓரமாக விரட்டி வேட்டையாடியிருக்கிறார்கள்.

சுமார் இரண்டு மைல் நடந்தால் டிம்பர்லைன் கணவாய். வழியெங்கும் பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் லாங்ஸ் சிகரம் தெரியும். கணவாயில் திரும்பிவிடுங்கள், அதற்கப்பால் செங்குத்தான இறக்கம், இறங்கியதை ஏற வேண்டியிருக்கும். மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆக்ஸிஜன்தான். ஆனால் மகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே கீழே இறங்குங்கள். முந்தைய இரவைப் பூங்காவுக்கு அருகிலுள்ள எஸ்டஸ் பார்க் என்ற ஊரில் கழிப்பது நல்லது. கோடையில் பூங்காவுக்குள் நுழைய நேரம் குறித்த முன்பதிவு தேவைப்படலாம், பார்த்துக்கொள்ளுங்கள். மழைச்சட்டையோடு கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் ஜூலையிலும் பனி விழுவதுண்டு.