எச்.ஐ.வி. மாத்திரையால் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி: எனக்கு வயது 46. எச்.ஐ.வி. தொற்றுக்காக 12 ஆண்டுகளாக அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். முதலில் சிடோவுடின் கலந்த மாத்திரை. கடந்த மூன்று ஆண்டுகளாக டி.எல்.டி. மாத்திரை. அதற்குப் பிறகு எடை ஏழு கிலோ கூடிவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118 இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைதான் காரணமா? சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். சிகிச்சையை இடையிடையே நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில், நிறுத்தியவர்களிடையே இறப்பு கூடியது தெரிந்ததும், 2006-இல் புதியவர்களைச் சேர்ப்பதையே கைவிட்டார்கள்.

118 என்பது சர்க்கரை நோய் அல்ல; அதற்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இந்த நிலையாகவும், 126 அல்லது அதற்கு மேல் இருமுறை வந்தால் நோயாகவும் கொள்ளப்படும்.

மருந்துக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. பழைய மருந்துகளான ஸ்டாவுடினும் சிடோவுடினும் உயிரணுக்களின் ஆற்றல் மையங்களைப் பாதித்து, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைக் கரைத்தன. கன்னம் ஒட்டி, கைகால்களில் நரம்பு புடைத்துத் தெரிந்தவர்களை அக்காலத்தில் மையங்களில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை. இண்டினாவிர் போன்ற மருந்துகளோ, குளுக்கோஸ் தசைக்குள் நுழையும் வழியையே தடுத்தன. நீங்கள் இப்போது சாப்பிடும் டி.எல்.டி.யில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகள் உள்ளன. இவற்றில் டொலுடெக்ராவிர் பலருக்கு எடையைக் கூட்டுகிறது. கூடும் எடை வயிற்றில் சேரும்போது சர்க்கரையும் ஏறுகிறது. ஆனால் தந்தைவழி வரும் வாய்ப்பு, 46 வயது, இந்த ஏழு கிலோ ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தொற்று இல்லாத ஒருவருக்கும் இதே 118 வரக்கூடும். ஆகவே பழியை மாத்திரையின் மேல் மட்டும் போடுவது சரியாகாது என்பதே என் கருத்து.

பரிசோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். சிடோவுடின் சாப்பிடுவோரிடம் இது இன்னும் அதிகம். எனவே அந்த அளவு நன்றாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அதில் 140-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 200-ஐ எட்டினால் நோய்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்றை. சர்க்கரைக்காக வெளியே வேறு மருத்துவரிடம் போகிறவர்கள், எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லத் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது; ஆனால் சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரில் வெளியேறுவதை டொலுடெக்ராவிர் தடுப்பதால், ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடும். அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அதுவும் குறையும். வெளியே சொல்ல மனம் வரவில்லையென்றால், மருந்துச் சீட்டை ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் காட்டி, அவர் அளவைச் சரிபார்த்த பிறகே சாப்பிடத் தொடங்குங்கள். உங்கள் நிலையை உங்கள் ஒப்புதலின்றி அவர் வெளியிடாமல் இருக்க 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் காப்பளிக்கிறது.

எடையைப் பொறுத்தவரை, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சோற்றின் அளவைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே இந்த நிலையில் நோயைத் தள்ளிப்போட முடியும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள்.

டொலுடெக்ராவிர் சாப்பிடும் சிலருக்குச் சர்க்கரை திடீரென மிக அதிகமாக ஏறியதை உகாண்டாவில் பதிவு செய்திருக்கிறார்கள், இது அரிது. தாகம் அடங்காமல், அடிக்கடி சிறுநீர் போய், எடை மளமளவென்று இறங்கினால், அடுத்த மாத்திரை வாங்கும் நாள் வரை காத்திருக்காமல் அன்றே மையத்துக்குப் போய்ச் சர்க்கரையைப் பாருங்கள்.