60 யார் போட்ட கணக்கு? காற்றுத் தர வரம்புகள்: கேள்வி – பதில்

பி.எம். 2.5 நுண்துகள் (2.5 மைக்ரான் வரை குறுக்களவு உள்ளது) ஒரு நாளைக்கு, கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் சட்டம். உலக சுகாதார நிறுவனமோ 15 என்கிறது. நம் நுரையீரல் மட்டும் நான்கு மடங்கு தாங்குமா?
– அண்ணா நகர் வாசகர்

தாங்காது. இரண்டு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த விடைகள்.

எந்த அளவிலிருந்து கேடு தொடங்குகிறது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வி. பல ஊர்களில் ஏராளமானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. இதற்குக் கீழே ஆபத்தே கிடையாது என்று சொல்லும்படி ஒரு புள்ளி அகப்படவில்லை. அதனால் ஆதாரம் உறுதியாக நிற்கும் அடிமட்டத்தில் கோடு போட்டார்கள்: ஆண்டுச் சராசரி 5. இது 2021-ல். 2005-ல் அதே நிறுவனம் சொன்னது 10. நீங்கள் குறிப்பிடும் 15, இந்த 5-லிருந்து பிறந்தது. ஓர் ஊரில் ஆண்டின் மிக மோசமான மூன்று நான்கு நாள்களை ஒதுக்கிவிட்டால், மீதி நாள்களின் உச்சம் ஆண்டுச் சராசரியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு இருக்கும் என்பது கணக்கு.

நம் வரம்பை, 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 2009 நவம்பரில் வந்த அறிவிக்கை. அதில் 12 மாசுகள் உண்டு. பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி 40, 24 மணி நேரச் சராசரி 60. சட்ட வரம்பு என்று வந்துவிட்டால், மருத்துவ ஆதாரத்தோடு ஆலைகளால் எட்ட முடியுமா, வண்டிகளால் முடியுமா, மண்ணிலிருந்து தானாகக் கிளம்பும் புழுதி எவ்வளவு என்பதெல்லாம் தராசில் ஏறும். அமெரிக்காவில் இதற்குத் தடை இருக்கிறது. வரம்பை வகுக்கும்போது செலவைப் பார்க்கக் கூடாது, உடல்நலத்தையும் அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்று 2001-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எத்தனை ஆண்டில், எந்த வழியில் எட்டுவது என்ற கட்டத்தில்தான் அங்கே செலவு பேசப்படும். 2024-ல் அவர்கள் ஆண்டு வரம்பை 12-லிருந்து 9 ஆகக் குறைத்தார்கள்.

மாசு மிகுந்த நாடுகள் படிப்படியாக இறங்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 35, 25, 15, 10 என இடைக்கால இலக்குகள் வைத்திருக்கிறது. நம் 40 அதில் முதல் படிக்கும் மேலே நிற்கிறது. 2009-ல் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம்; இத்தனை ஆண்டு கழித்தும் அதைத் தொடாமல் வைத்திருப்பதற்கு நியாயம் குறைவு. இன்னொன்று: செய்திகளில் அடிபடுவது 60 என்றாலும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீண்ட காலக் கேட்டைக் காட்டுவது ஆண்டுச் சராசரிதான். உங்கள் பகுதிக்கு எந்த அளவைக் கேட்பது என்றால், அதைக் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் கைபேசிச் செயலி 124 காட்டுகிறது. வாரியத்தின் தளம் 75 காட்டுகிறது. யார் சொல்வது பொய்?
– வேளச்சேரி வாசகர்

இரண்டுமே மெய்யாக இருக்க வழி உண்டு. நீங்கள் பார்ப்பது காற்றுத் தரக் குறியீடு, அதாவது மாசின் அளவை ஓர் அட்டவணைப்படி மாற்றிச் சொல்லும் எண். அது மைக்ரோகிராம் அல்ல. காற்றில் பி.எம். 2.5 அளவு 45 மைக்ரோகிராம் என்று வையுங்கள். இந்திய அட்டவணையில் 31 முதல் 60 வரையிலான அளவு, குறியீட்டில் 51 முதல் 100 வரை நீள்கிறது. 49-ஐ (100 – 51) 29-ஆல் (60 – 31) வகுத்து, 14-ஆல் (45 – 31) பெருக்கி, 51-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 75 வரும். நிறம் வெளிர்பச்சை, பெயர் 'திருப்திகரம்'. அமெரிக்க அட்டவணையில் அதே 45, 101–150 படியில் விழுந்து 124 ஆகிறது. அங்கே அதற்குப் பெயர், 'எளிதில் பாதிக்கப்படுவோருக்குக் கேடு'.

நேரமும் ஒரு காரணம். வாரியத்தின் எண் கடந்த 24 மணி நேரச் சராசரி; அதில் குறைந்தது 16 மணி நேரத் தரவு இருக்க வேண்டும். பல செயலிகள் கடைசிச் சில மணி நேரத்துக்கு அதிக எடை கொடுக்கும். காலையில் நடக்கப் போகலாமா என்று பார்க்க அது உதவும். சட்ட வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்க உதவாது. எதைப் பார்த்தாலும் குறியீட்டை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மைக்ரோகிராம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் 4,000 ரூபாய்க் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். விடியற்காலையில் 150 தாண்டுகிறது, பத்து மணிக்கு 40-க்கு இறங்கிவிடுகிறது. கடலோரத்தில் இவ்வளவு மாசா?
– பெசன்ட் நகர் வாசகர்

ஒரு பகுதி மாசு, ஒரு பகுதி ஈரம். இந்தக் கருவிகள் துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்து ஊகிக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 75–80 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகளும் சல்பேட் துகளும் நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கும், எண் ஏறும். சென்னை விடியலில் இது அன்றாடம் நடப்பது. கடலோரத்தில் இன்னும் அதிகம். அதே வேளையில் காற்று அசையாமல் தரையோடு படிந்திருப்பதால் உண்மையான மாசும் அப்போது கூடுதலாகவே இருக்கும்.

சட்டம் ஒப்புக்கொள்ளும் அடிப்படை முறை வேறு. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுத்தால் 24 கனமீட்டர் ஆகும். அது கடந்து வந்த வடிதாளை, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் வைத்துப் பதப்படுத்தி எடை பார்ப்பார்கள். 1.44 மில்லிகிராம் கூடியிருந்தால் சராசரி 60. இவ்வளவு சிறிய எடையில் விரல்ரேகை பட்டாலும் கணக்கு கெடும்.

உங்கள் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரப்பதம் 70-க்குக் கீழே உள்ள நேரங்களை மட்டும் எடுத்து, அருகிலுள்ள அரசு நிலையத்தின் அதே மணி நேர அளவோடு இரண்டு வாரம் ஒப்பிடுங்கள். விகிதம் ஓரளவு நிலையாக இருந்தால் ஏற்ற இறக்கத்தை நம்பலாம். சமையலறைப் புகைபோக்கி, ஏ.சி. வெளிப்பெட்டி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) என்று அது காட்டும் எண்ணை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். பெரிய துகளை இவ்வகைக் கருவிகள் சரியாகப் பிடிப்பதில்லை.

தொழிற்பேட்டைக்கு வரம்பு தளர்வு உண்டு என்று எங்கள் பகுதியில் சொல்கிறார்கள். உண்மையா?
– மணலி வாசகர்

பழைய கதை. 1994 அறிவிக்கையில் பி.எம். 10-க்குத் தொழிற்பகுதியில் ஆண்டுச் சராசரி 120, குடியிருப்பில் 60 என்று இருந்தது. 2009-ல் அந்தப் பாகுபாடு போய்விட்டது. இன்று மணலிக்கும் அடையாறுக்கும் ஒரே 60. மறுத்துப் பேசுபவரிடம் 2009 அறிவிக்கையின் அட்டவணையை நீட்டுங்கள். ஆனால் புகைபோக்கி வாயில் அளக்கும் வெளியேற்ற வரம்பு வேறு, நீங்கள் மூச்சுவிடும் காற்றின் வரம்பு வேறு. 'எங்கள் ஆலை வரம்புக்குள் இருக்கிறது' என்பவர் முன்னதைச் சொல்கிறார். பத்து ஆலைகள் தனித்தனியே வரம்புக்குள் இருந்தும் ஊர்க் காற்று வரம்பை மீறலாம்.

போகியன்று எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. மறுநாள் 'வரம்புக்குள்தான்' என்று செய்தி. எப்படி?
– கொளத்தூர் வாசகர்

சராசரி செய்யும் வேலை. நான்கு மணி நேரம் 150, மீதி இருபது மணி நேரம் 35 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 24 மணி நேரச் சராசரி 54. வரம்புக்குள்! சரி, 60-ஐத் தாண்டிவிட்டது என்றே வைப்போம். அப்போதும் உடனே மீறல் ஆகாது. ஆண்டில் 98 சதவீத நேரம் வரம்புக்குள் இருந்தால் போதும் என்கிறது அறிவிக்கை. தினமும் அளக்கும் இடத்தில் அது 7 நாள் சலுகை. தொடர்ந்து இரண்டு நாள் மட்டும் மீறக் கூடாது. போகியும் தீபாவளியும் அந்த ஏழுக்குள் அடங்கிவிடலாம். அதற்காக ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் சராசரிக்குக் காத்திருக்காது. பி.எம். 2.5-க்கு நம்மிடம் ஒரு மணி நேர வரம்பே இல்லை என்பது இந்த முறையின் ஓட்டை. அன்று அதிகாலை சன்னல்களைச் சாத்திவையுங்கள், இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், வெயில் ஏறிப் புகை கலைந்தபின் திறங்கள்.

2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்தபோது 2,090 என்றும் வரம்பு 400 என்றும் சொன்னார்கள். ஐந்து மடங்கு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– எண்ணூர் வாசகர்

நேராக அப்படி ஒப்பிட முடியாது. 400 என்பது 24 மணி நேரச் சராசரி. கசிவின்போது எடுப்பது அந்த நேரத்து அளவு. குறுகிய நேரத்துக்கென்று அம்மோனியாவுக்கு நம் அறிவிக்கையில் வரம்பு கிடையாது. 2,090 மைக்ரோகிராம் என்பது சுமார் 3 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 3 பங்கு. தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேர வேலைக்கு 25 பி.பி.எம். என்று ஒரு வரம்பு புழக்கத்தில் உண்டு. அதைக் காட்டி 'இது ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது உடல் திடமான தொழிலாளியை நினைத்துப் போட்டது. கைக்குழந்தைக்கும் மூச்சிரைப்பு உள்ள பாட்டிக்கும் போட்டதல்ல. நெடி வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். கண் எரிந்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி போடுகிறோம். அதற்கும் இந்த 60 பொருந்துமா?
– மயிலாப்பூர் வாசகி

சட்டப்படி பொருந்தாது, இவை வெளிக்காற்றுக்கான வரம்புகள். உடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சன்னல் சாத்திய அறையில் ஒரே ஒரு சுருள் போதும், அளவு 60-ஐத் தாண்டிப் போக. வலையோ கொசுவலைக் கதவோ போடுங்கள். சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் என்றால் சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.