வாடகைக்கு விட்ட வீட்டில் சேதம்: இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசில் முடிக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நம் செட்டிநாட்டு ஓட்டு வீடுகளுக்குச் சோதனைக் காலம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். இன்சூரன்ஸ் கிளெய்முக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இந்த ஊர்களில் பல வருஷம் ஏணி ஏறியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காற்றில் வேப்பங்கிளை முறிந்து, முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுச்சார்ப்பில் விழுந்துவிட்டது. கொத்தனார் 18,000 ரூபாய் கேட்கிறார். கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறிவிடும் என்கிறார்களே? – காரைக்குடி வாசகர்

முதலில் பாலிசி ஷெட்யூலில் (விவரப் பக்கத்தில்) 'எக்சஸ்' என்ற வரியைப் பாருங்கள். சேதத்தில் அந்தத் தொகை உங்கள் பொறுப்பு. அது 10,000 என்றிருந்தால் கைக்கு வருவது அதிகம் போனால் 8,000. அதற்காகப் பில், போட்டோ, சர்வேயர் வருகை என்று அலைய வேண்டுமா என்பது உங்கள் சௌகரியம். நான் என்றால் கைக்காசு போட்டு முடித்துவிடுவேன்.

பிரீமியம் பயம் கார் பாலிசியிலிருந்து வந்தது. அங்கே கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். உங்கள் வீட்டுப் பாலிசியில் அப்படி ஒரு தள்ளுபடி வரி இருந்தால் மட்டும் அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் முடிவெடுக்குமுன் ஒரு தச்சு ஆசாரியைக் கூட்டிப்போய், ஓட்டைப் பிரித்துக் கைமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே நின்று பார்த்தால் நாலு ஓடு உடைந்ததாகத்தான் தெரியும். உள்ளே தேக்கு விட்டத்தில் வெடிப்பு இருந்தால் 18,000 என்பது 80,000 ஆகிவிடும். ஆகவே கம்பெனிக்கு இன்றே ஒரு மெயில் போட்டுத் தகவல் சொல்லிவிடுங்கள். தகவல் சொன்னதாலேயே கிளெய்ம் போட்டே தீர வேண்டும் என்பதில்லை. தாமதமாகச் சொல்வதுதான் பிறகு காலை வாரும்.

சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று மழையில் விட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அப்படிக் காத்திருந்து, ஓட்டோடு போக வேண்டிய சேதம் பட்டாலை என்ற கூடத்தின் கூரைப் பலகைவரை இறங்கிய வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், தார்ப்பாய் போடுங்கள், அதன் ரசீதையும் உடைந்த ஓடுகளையும் பத்திரப்படுத்துங்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை.

குடித்தனக்காரர் காலி செய்தபின் பார்த்தால் சுவரெல்லாம் பூத்து உதிர்கிறது, கதவு நிலையில் கரையான். 2 லட்சம் ஆகும்போல. கிடைக்குமா? – தேவகோட்டை ஆச்சி ஒருவர்

கிடைக்காது ஆச்சி. திடீரென்று நடந்த, பாலிசியில் பெயர் சொல்லப்பட்ட காரணத்துக்குத்தான் பணம்: தீ, இடி, புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது இப்படி. ஓதமும் கரையானும் வருஷக்கணக்கில் நடப்பவை. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இப்படித்தான் பூக்கும். அடுத்த குடித்தனத்துக்குமுன் அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே அடியுங்கள்.

ஆறு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. விருந்தினர் விடுதி நடத்த ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மின்கசிவில் அடுப்படிக் கட்டு எரிந்து 5 லட்சம் சேதம். என் பெயரில் 40 லட்சத்துக்கு வீட்டுப் பாலிசி இருக்கிறது. போடலாமா? – கானாடுகாத்தான் வாசகர்

போடுங்கள், இவ்வளவு பெரிய சேதத்தை விட்டுவிடக் கூடாது. ஆனால் உங்கள் பாலிசியில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பாலிசியின் வகை. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரும் பாலிசி 'பாரத் கிருஹ ரக்‌ஷா'. குடியிருக்கும் வீட்டுக்கு அது நல்ல பாலிசி. காப்புத் தொகை வருஷம் 10 சதவீதம் தானாக ஏறும். குறைத்து இன்சூர் செய்திருந்தாலும் அந்தக் காரணத்துக்காகக் கிளெய்மை வெட்ட மாட்டார்கள். தீயால் குடியிருக்க முடியாமல் போனால் இழந்த வாடகைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் விடுதி, குடியிருப்பு அல்ல. ஐந்து கோடி மதிப்பு வரையிலான தொழிலிடங்களுக்கு 'பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா' என்று தனிப் பாலிசி. விடுதி நடப்பதைக் கம்பெனிக்குத் தெரிவித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தெரிவிக்கவில்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'சொந்தக்காரர்கள் தங்கியிருந்தார்கள்' என்று எழுதிக் கொடுத்தால், சேதம் உண்மையாக இருந்தாலும் கிளெய்ம் மொத்தமாகப் போகும்.

இரண்டாவது, தொகை. விடுதிக்கு வேண்டிய தொழில் பாலிசிக்கு மாறினால், அதில் 15 சதவீதத்துக்கு மேல் குறைத்து இன்சூர் செய்திருந்தால் விகிதாசாரமாக வெட்டுவார்கள். திரும்பக் கட்ட ஒரு கோடி ஆகும் வீட்டை 40 லட்சத்துக்குப் போட்டால், 5 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் வரும். ஒரு கோடி என்பது நிலத்தின் விலை இல்லை. ஆத்தங்குடிக் கல், தேக்கு, ஓட்டு வேலை எல்லாம் இன்றைய கூலியில் என்ன ஆகும் என்ற கணக்கு. பர்மாத் தேக்கை அன்றைய விலைக்கு இன்று யார் தருவார்கள்? பாலிசி எடுக்குமுன் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, பெயர். உங்கள் பங்குக்கு மேல் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். ஆறு பேர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். இப்போதைக்கு மற்ற ஐவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கி, கிளெய்மோடு சேர்த்துக் கொடுங்கள். ஊருக்கு எல்லோரும் வருவது கல்யாணத்துக்கும் சாமிப் படைப்புக்கும்தான் என்பது தெரியும், அதனால் இன்றே போனைப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை மறந்துவிடுகிறார்கள். விடுதிக்காரரின் கவனக்குறைவால் தீ பிடித்திருந்தால், உங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனி அவரிடம் அதை வசூலிக்கலாம். 'பழக்கமானவர், போகட்டும்' என்று 'உங்கள்மேல் எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழியை நீங்களே அடைத்ததாக ஆகும். கிளெய்ம் முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவரிடம் தனியாகத் தீ பாலிசி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாடகைக்காரர் போகும்போது பூஜை அறைக் கதவையும் இரண்டு மரத்தூண்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். – பள்ளத்தூர்

உடனே போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்குங்கள். இன்சூரன்ஸில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுப் பாலிசியில் திருட்டு என்பது தீ, புயல் போன்ற ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் நடந்த திருட்டு மட்டுமே. தனிக் களவுப் பாலிசி இருந்தாலும், பூட்டை உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள். முறையாக உள்ளே இருந்தவர் எடுத்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். நம் வீட்டு மரவேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. சாவி கொடுக்கும் நாளன்று ஒவ்வொரு கதவையும் தூணையும் போட்டோ எடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஜன்னல் கண்ணாடி உடைந்ததற்கும் வயரிங் கருகியதற்கும் சேர்த்து என் அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர். – காரைக்குடி, வாடகைக்கு இருப்பவர்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, ஜன்னல் கண்ணாடி, சுவிட்சு, தண்ணீர்க் குழாய் (டேப்) உங்கள் பாடு. வயரிங், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு அவர் பாடு. வயரிங் உங்களால்தான் கெட்டது என்றால் அவர் அதைக் காட்ட வேண்டும். இன்சூரன்ஸிலும் வாங்கி, அதே செலவை உங்களிடமும் அவர் வாங்க முடியாது. உங்கள் சாமான்களுக்கு அவருடைய பாலிசி உதவாது, தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டுமா? – புதுவயல்

வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்துவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்பட்ஸ்மேன் கதவு திறக்காது. எனவே முதலில் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், சர்வேயர் அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.