கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா? சூரியன் கருந்துளையானால் பூமி என்னாகும்?

உறிஞ்சாது. பூமி நூல் நூலாக இழுபடும் யூடியூப் படம் எதையோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சூரியனை எடுத்துவிட்டு, அதே நிறையுள்ள கருந்துளையை அதே இடத்தில் வைத்தால் பூமி இப்போதுபோலவே 365 நாளில் சுற்றிவரும். நிறையும் மாறவில்லை, தொலைவும் மாறவில்லை, ஈர்ப்பு மட்டும் எப்படி மாறும்? குளிரில் உறைந்து சாவோம், அது வேறு விஷயம். (சூரியன் நிஜத்தில் கருந்துளை ஆகாது. அதற்கு நிறை போதாது.)

ஒரே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு சூரிய நிறைக்கு 3 கிலோமீட்டர். அவ்வளவு நிறையை அந்த ஆரத்துக்குள் அடைத்தால் ஒளிகூட வெளியே வராது. அந்த விளிம்புதான் நிகழ்வெல்லை. 10 சூரிய நிறை என்றால் 30 கி.மீ. பூமியை அடைக்க வேண்டுமானால் 9 மில்லிமீட்டர் ஆரம், கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு. நிகழ்வெல்லையைப்போல் மூன்று மடங்கு தூரம் வரை நெருங்கி நிலையாகச் சுற்றலாம். அதற்கும் உள்ளே போனால்தான் சுற்றுப்பாதை தங்காமல் சுருண்டு விழும். உறிஞ்சுதல் என்று சொல்ல ஏதாவது இருந்தால் இது மட்டும்தான். சுழலாத கருந்துளைக்கான எண்கள் இவை. சுழலும் கருந்துளைக்கான கணக்கான கெர் தீர்வைத் தூக்கிக்கொண்டு கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

இழுபட்டுக் கிழிவது உண்மைதான், ஆனால் எந்தக் கருந்துளை என்பதைப் பொறுத்தது. காலை முன்னே நீட்டி விழுகிறீர்கள் என்று வையுங்கள். காலுக்கும் தலைக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம்தான் ஆளைக் கிழிக்கிறது. 10 சூரிய நிறையுள்ளதன் விளிம்பில் அந்த வித்தியாசம் பூமியின் ஈர்ப்பைப்போல் சுமார் 2 கோடி மடங்கு. விளிம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே கதை முடிந்துவிடும். நம் பால்வீதியின் மையத்தில் இருப்பதோ சுமார் 43 லட்சம் சூரிய நிறை, விளிம்பு 1.3 கோடி கி.மீ. தள்ளி. அங்கே வித்தியாசம் பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விளிம்பைத் தாண்டியதே உடம்புக்குத் தெரியாது. நிறை பத்து மடங்கானால் விளிம்பில் இந்தக் கிழிவிசை நூறு மடங்கு குறையும்.

அடர்த்தியும் இப்படித்தான். எம் 87 விண்மீன் மண்டலத்தில் இருப்பது 650 கோடி சூரிய நிறை. அதை நிகழ்வெல்லைக்குள் இருக்கும் கன அளவால் வகுத்தால் நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைவாக வரும். வளைந்த வெளியில் கன அளவு என்பதே சிக்கலான சொல் என்பது தெரியும். பள்ளிக்கூடக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் என்று வந்த அந்த ஆரஞ்சு வளையம் இதே எம் 87-ன் கருந்துளைதான். 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் எடுத்தது, நிறம் பிறகு பூசியது. நடுவில் உள்ள கருப்பு நிகழ்வெல்லை அல்ல, அதன் நிழல். இரண்டரை மடங்கு பெரிது. அருகில் போகும் ஒளியும் வளைந்து உள்ளே விழுந்துவிடுவதால் அப்படி. கீழ்ப்பக்கம் பளிச்சென்று இருக்கக் காரணம், அங்கே வாயு நம் பக்கமாக வருகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் எரிச்சல் தாங்கவில்லை: "கருந்துளையைக் கண்டுபிடித்த சந்திரசேகர்" என்று எழுதுவதை யாராவது நிறுத்துங்களேன். 1930-ல், 19 வயதில், கப்பலில் அவர் போட்ட கணக்கு வெள்ளைக் குள்ளன்களுக்கானது, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களுக்கானது. சுமார் 1.4 சூரிய நிறைக்கு மேல், அவற்றை நொறுங்காமல் தாங்கும் எலெக்ட்ரான் அழுத்தம் தாங்காது, அவ்வளவுதான். மீறினால் நேரே கருந்துளை இல்லை. நடுவில் நியூட்ரான் நட்சத்திரம் என்றொரு படி உண்டு, பெரும்பாலும் நியூட்ரான்களாலேயே ஆன, இன்னும் இறுகிய நட்சத்திரம். அது இரண்டு சூரிய நிறையைச் சற்றுத் தாண்டும்வரை தாங்கும், அதற்கும் மேலே போனால்தான் கருந்துளை. 1935-ல் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் லண்டன் வானியல் சங்கச் சபையில் எழுந்து கேலி செய்ததும் அந்த 1.4-ஐத்தான்.