கவுனியின் சிவப்பும் டிபிபிஎச் கணக்கும்

கேள்வி: உணவு அறிவியல் முதுகலை ஆய்வுக்காகக் கேழ்வரகு, வரகு, கருப்பு கவுனி அரிசி மூன்றின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனையும் டிபிபிஎச் முறையில் அளக்கிறேன். மாவைச் சலித்து, அமிலம் சேர்த்த மெத்தனாலில் சாறு எடுத்தேன். கவுனியில் ஒரு கட்டத்துக்கு மேல் சாற்றைக் கூட்டக் கூட்டத் தடுப்புச் சதவீதம் குறைகிறது. கேழ்வரகு ஒரு நாள் 62 காட்டுகிறது, மறுநாள் 48. கட்டுரைகளில் வரும் ஐசி50 (பாதி டிபிபிஎச்சைத் தணிக்கத் தேவையான சாற்றின் செறிவு) எண்களோடும் எதுவும் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறு?

பதில்: கவுனியிலிருந்து தொடங்குவோம். டிபிபிஎச் என்பது ஆன்டி ஆக்ஸிடன்ட்கள் தணிக்கக்கூடிய ஒரு ஃப்ரீ ராடிக்கல்; அதன் கரைசல் ஊதா நிறம். சாற்றில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்ததும் ஊதா வெளுத்து மஞ்சளாகிறது. அந்த வெளுப்பைத்தான் 517 நானோமீட்டரில் அளக்கிறோம்; எத்தனை சதவீதம் வெளுத்தது என்பதே தடுப்புச் சதவீதம். ஆனால் கவுனியின் கருநிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின், அமில மெத்தனாலில் நல்ல சிவப்பாக நிற்கும். அதுவும் ஏறக்குறைய 530 நானோமீட்டரில்தான் ஒளியை அதிகம் உறிஞ்சும். ஊதா மிச்சம் எவ்வளவு, கவுனியின் சிவப்பு எவ்வளவு என்று கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் கூட்டித்தான் எண்ணைத் தரும். ஊதா முழுவதும் வெளுத்த பிறகும் சாற்றைக் கூட்டினால் சிவப்புதான் ஏறும். உங்கள் சதவீதம் இறங்குவது அதனால்தான்.

இதற்குத் தேவை நிற பிளாங்க். ஒவ்வொரு செறிவுக்கும் இன்னொரு குழாய் வையுங்கள்: அதே அளவு சாறு, டிபிபிஎச்சுக்குப் பதில் வெறும் மெத்தனால். ஓர் உதாரணம்: கன்ட்ரோல் (சாறு சேர்க்காத டிபிபிஎச்) 0.95, சாறும் டிபிபிஎச்சும் சேர்ந்தது 0.52 என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கணக்குப் போட்டால் தடுப்பு 45 சதவீதம். நிற பிளாங்க் 0.21 காட்டினால் உண்மையில் மிஞ்சிய ஊதா 0.31தான், தடுப்பு 67 சதவீதமாகிவிடும். ஒரே ஒரு குழாய் இவ்வளவு மாற்றுகிறது. வழிகாட்டியாக இருக்கும் எனக்கு இதைத் தவறவிட்ட ஆய்வேடுகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படும். மாதக் கணக்கில் உழைத்த பிள்ளைகளின் எண்கள் அவை.

கவுனிக்கு மட்டுமாவது ஏபிடிஎஸ் என்ற இன்னொரு நிற வெளுப்பு முறையையும் சேர்த்துச் செய்யுங்கள். அதில் 734 நானோமீட்டரில் அளக்கிறோம்; ஆந்தோசயனின் அங்கே குறுக்கிடாது. 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட் இரண்டையும் கலந்து இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வைத்து, பிறகு உறிஞ்சல் 0.70 வரும்வரை நீர்க்கச் செய்ய வேண்டும். மாலையில் கலந்து வைத்தால் காலையில் தயார்.

அடுத்து, 62க்கும் 48க்கும் இடையில் என்ன நடந்தது? முதலில் எடை. 0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மில்லியில் 3.9 மில்லிகிராம் டிபிபிஎச் போதும். அவ்வளவு சிறிய எடையில் சாதாரணத் தராசு எளிதில் பிசகும். 24 மில்லிகிராமை 100 மில்லியில் கரைத்து, அதை ஆறு மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அன்றன்றைக்குக் கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். கன்ட்ரோல் ரீடிங் தினமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்று சாற்றைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோலிலும் வெறும் மெத்தனால் போடாமல், சாறு எடுத்த அதே அமில மெத்தனாலை அதே அளவு சேருங்கள். அமிலம் இந்த வினையின் வேகத்தைக் குறைக்கும்.

அப்புறம் நேரம். வைட்டமின் சி டிபிபிஎச்சுடன் உடனே வினைபுரிந்து முடித்துவிடும். தானியத்தின் ஃபெருலிக் அமிலமும் டானினும் அப்படியல்ல. 30 நிமிடத்தில் இன்னும் வெளுத்துக்கொண்டேதான் இருக்கும். 30 குழாய்களுக்கும் மளமளவென்று டிபிபிஎச் ஊற்றிவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாக அளந்தால் கடைசிக் குழாய்க்கு 45 நிமிடம் ஆகியிருக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு குழாய் என்று ஊற்றுங்கள். அளக்கும்போதும் அதே இடைவெளி.

ஐசி50 ஒத்துப்போகாததில் தவறே இல்லை. எடுத்துக்கொண்ட டிபிபிஎச்சின் செறிவைப் பொறுத்து அந்த எண் மாறும், ஒருவர் 0.06, இன்னொருவர் 0.2 மில்லிமோலார் எடுத்திருந்தால் ஒப்பிட வழியில்லை. ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படும் ஆன்டி ஆக்ஸிடன்ட்டான டிரோலாக்ஸின் பல செறிவுகளை அளந்து தினமும் நேர்கோடு போட்டு, 20க்கும் 80க்கும் இடைப்பட்ட தடுப்பு தரும் செறிவுகளை மட்டும் வைத்து, உலர் எடையில் ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோமோல் டிரோலாக்ஸுக்குச் சமம் என்று எழுதுங்கள். உலர் எடை என்பது முக்கியம். தானியத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம்.

இனி சலித்ததைப் பற்றி. எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். கேழ்வரகின் பீனால்கள் பெரும்பாலும் அதன் செங்கபிலத் தோலில் இருக்கின்றன. சல்லடையின் மேலே தங்கிய தவிட்டை ஒதுக்கிவிட்டு மாவை மட்டும் சோதித்தால் அது கேழ்வரகின் எண் ஆகாது. முழுத் தானியத்தையும் திரும்பத் திரும்ப அரைத்து, எல்லாமே ஒரே சல்லடையில் இறங்கும்வரை விடாதீர்கள். மிக்ஸி சூடேறாமல் விட்டு விட்டு அரையுங்கள். வரகில் உமி நீக்கியதா, நீக்காததா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறுதானியங்களிலேயே வரகுதான் டிபிபிஎச்சை அதிகம் தணித்தது. அதனால் உங்களுக்கும் வரகு முந்திக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டாம்.

மெத்தனால் இழுத்துக்கொண்டு வருவது கட்டற்ற பீனால்களை மட்டுமே. ஃபெருலிக் அமிலத்தில் பெரும்பகுதி செல் சுவரின் நார்ப்பொருளோடு எஸ்டர் பிணைப்பில் ஒட்டிக்கிடக்கிறது. எந்த ஆல்கஹாலுக்கும் அசையாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மொத்த ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனில் இப்படிக் கட்டுண்ட பகுதியின் பங்கு கோதுமையில் 90, மக்காச்சோளத்தில் 87, அரிசியில் 71, ஓட்ஸில் 58 சதவீதம் என்று வந்தது. அரிசியைச் சோதிக்கிறவர் சக்கையைக் கொட்டிவிட்டால் பாதிக்கு மேல் தொட்டியில் போய்விடுகிறது என்று பொருள்.

சென்ட்ரிஃபியூஜ் குழாயின் அடியில் தங்கும் அந்தச் சக்கையை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், நைட்ரஜன் நிரப்பி, ஒரு மணி நேரம் குலுக்குங்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கொண்டுவந்து, ஹெக்சேனால் கொழுப்பை நீக்கி, எத்தில் அசிடேட்டில் நான்கைந்து முறை பிரித்தெடுங்கள். அதை உலர்த்தி மெத்தனாலில் கரைத்து, கட்டற்ற பகுதியோடு சேர்க்காமல் தனியாக அளந்து தனி நெடுவரிசையில் எழுதுங்கள். இதுவரை எடுத்த சாறுகளின் சக்கை இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்றால் இன்றே பெயரும் தேதியும் எழுதி மைனஸ் 20இல் வைத்துவிடுங்கள்.