ரெஜிமென்ட்டும் பிரிகேடும் ஒன்றா? ருத்ரா பிரிகேட் என்று ஏன் மாற்றுகிறார்கள்?

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்த தம்பி "எங்க பிரிகேட்" என்று வேறு ஒரு பெயர் சொல்கிறான், குழப்பமாக இருக்கிறது, ராணுவம் பிரிகேடுகளை 'ருத்ரா' என்ற புது அமைப்புக்கு மாற்றுவது ஏன் என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ரெஜிமென்ட் பிறந்த வீடு, பிரிகேட் புகுந்த வீடு. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்தவர் கடைசிவரை மெட்ராஸ் ரெஜிமென்ட்தான். அவருடைய பட்டாலியன் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறும். அங்கங்கே இருக்கிற பிரிகேடின் கீழ் வரும். பெரிய கோயில் கல்வெட்டில் 'சிங்களாந்தகத் தெரிந்த பரிவாரம்' என்று படிக்கிறோமே, ராஜராஜனின் பட்டப்பெயர் தாங்கிய அந்தப் படைப்பிரிவின் பெயரும் ரெஜிமென்ட் பெயர் மாதிரிதான். தஞ்சாவூர் விமானத்தளத்துச் சுகோய் போர் விமான ஸ்குவாட்ரன் விமானப்படை. இந்தக் கணக்கில் வராது.

கணக்கு இதுதான். 10 பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி: தலைமைப் பிரிவினரும் சேர்த்துச் சுமார் 120 பேர். நான்கு ரைஃபிள் கம்பெனி, மோர்ட்டார் என்ற சிறு குண்டெறி குழாய் வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனி, தலைமையகக் கம்பெனி சேர்ந்தால் பட்டாலியன். சுமார் 800 பேர், கர்னல் தலைமை. மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், பிரிகேடியர் தலைமை. மூன்று பிரிகேடும் ஒரு பீரங்கி பிரிகேடும் சேர்ந்து டிவிஷன், துணைப் பிரிவுகளையும் சேர்த்து 15,000 பேருக்கு மேல், மேஜர் ஜெனரல் தலைமை.

ஆள் கணக்கைவிட, பீரங்கி யார் கையில் என்பதைப் பாருங்கள். பழைய அமைப்பில் 18 பீரங்கி கொண்ட பீரங்கி ரெஜிமென்ட் (இங்கே ரெஜிமென்ட் என்பது பிறந்த வீடு அல்ல, பட்டாலியன் மாதிரி ஒரு பிரிவு) டிவிஷனுடையது. பிரிகேடுக்குத் துணையாக அனுப்புவார்கள். பாலம் போடும், கண்ணிவெடி எடுக்கும் இன்ஜினியர் ரெஜிமென்ட்டும் அப்படித்தான், பிரிகேடுக்கு ஒரு ஃபீல்டு கம்பெனி வரும். டாங்கி வேண்டுமென்றால் மேலே கேட்க வேண்டும். கல்லணையில் திறந்த தண்ணீர் தலைஞாயிறு கடைமடைக்கு வந்து சேர நாளாகிறதல்லவா, அதே தாமதம்தான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு தாக்குதல் கோர்கள் (பல டிவிஷன் சேர்ந்த பெரும்படைகள்) எல்லைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான், பலவகைப் படைகளை முன்கூட்டியே ஒன்றாக வைத்திருக்கும் ஒருங்கிணைந்த போர்க்குழு என்ற திட்டம். 2019இல் வடகிழக்கில் 'ஹிம் விஜய்' பயிற்சியில் அதைச் சோதித்தார்கள். 2025 ஜூலை 26 அன்று லடாக்கின் திராஸில், அன்று தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் உபேந்திர துவிவேதி அதே வழியில் ருத்ராவை அறிவித்தார்: காலாட்படை, டாங்கி, கவச வண்டிப்படை, பீரங்கி, சிறப்புப்படை, ட்ரோன் எல்லாம் ஒரே பிரிகேடியரின் கீழ்.

நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஆனால் இதில் இடறும் இடங்கள் உண்டு. பீரங்கியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் டிவிஷன் ஒரே இடத்தில் குண்டுமழை பொழிவது கடினமாகும். சண்டை இல்லாத பிரிகேடின் பீரங்கி சும்மா நிற்கும். மூன்று பட்டாலியனைச் சமாளிக்கவே அமைந்த சிறிய பிரிகேட் தலைமையகம், டாங்கியையும் ட்ரோன் படத்தையும் ஒரே ராத்திரியில் கையாள வேண்டும். அதற்கேற்ற அதிகாரிகளும் சிக்னல் ஆட்களும் கூடவே வரவேண்டும். பணிமனை இன்னொரு தலைவலி. வழியில் ஒரு டாங்கியின் செயின் அறுந்தால் இழுத்து வர மீட்பு வண்டி வேண்டும். டாங்கி உதிரிபாகம் வேறு, கவச வண்டி உதிரிபாகம் வேறு. டாங்கியை மட்டும் கீழே கொடுத்துவிட்டு இவற்றை டிவிஷனிலேயே வைத்திருந்தால் பழைய கதைதான்.

எனக்குப் பெரிய கவலை அந்த இரண்டு மூன்று வருஷ இடமாற்றம். ஒரு கம்பெனி மேஜரும் டாங்கிக்காரரும் ரேடியோவில் குரலைக் கேட்டே ஆளைக் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழகப் பல பயிற்சிகள் ஆகும். அதற்குள் தம்பியின் பட்டாலியனுக்கு மாற்றல் வந்துவிட்டால், புதிதாக வருகிறவர்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.